மஞ்சள் கோடு

என் சகலைக்குப் பட்டறையில் பெயர் டிக். ஒரே வீட்டில் அக்காவை அவரும் தங்கையை நானும் கட்டியவர்கள் என்பதால் நான் மட்டும் சகலை என்று கூப்பிடுவேன். மற்றவர்களுக்கெல்லாம் அவர் டிக் அண்ணன்தான். முதலாளியம்மாகூட வண்டி கொண்டுவருகிறவர்களிடம், "உங்க கியர்பாக்ஸை எங்க டிக் பார்த்துக்குவார்" என்று சொல்லுவார். வந்தவர்கள் அதை ஏதோ பெரிய படிப்பின் சுருக்கம் என்று நினைத்துக்கொண்டு மரியாதையாகத் தலையாட்டுவார்கள். நான் ஒயர் சுற்றிக்கொண்டே சிரிப்பை அடக்குவேன். பேட்டரி, லைட், ஒயரிங் எல்லாம் என் வேலை. என் மேசை அவருடைய லிஃப்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

பெயர் வந்தது டார்க் ரெஞ்சால். அளவு வைத்துப் போல்ட் இறுக்குகிற நீளமான ஸ்பேனர் அது. எவ்வளவு இறுக்கம் வேண்டுமோ அதைப் பிடியில் திருகி வைத்துவிட்டால், அந்த அளவு வந்ததும் உள்ளே டிக் என்று ஒரு சத்தம் வரும், கையிலும் லேசாகத் தட்டும். அங்கே நிறுத்திவிட வேண்டும். மனத்திருப்திக்காக இன்னொரு இழுப்பு இழுக்கிற ஆட்கள் உண்டு. நானே அந்த ஜாதி. ஆனால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸிடம் அந்த மனத்திருப்தி செல்லாது. அதன் உடம்பு அலுமினியம். ஒரு இழுப்பு கூடினால் உள்ளே மரை உரிந்து தூளாகக் கொட்டும். குறைந்தால், அடியில் தட்டு மாதிரி மாட்டியிருக்கிற ஆயில் பேன் கசியும். சுத்தமாக ஆயில் இறங்கிவிட்டால் வண்டி உறுமும், நகராது.

அதனால் சகலை அந்த பேனை மாட்டுகிறபோது பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்ப மாட்டார். எல்லா போல்ட்டையும் முதலில் விரலால் மட்டுமே திருகி உட்கார வைப்பார். பிறகு நடுவிலிருந்து ஆரம்பித்து எதிரும் புதிருமாக ஒரு சுற்று, பாதி இறுக்கம். அடுத்த சுற்றில் இடது பக்கம் முழுக்க முடித்துவிட்டு வலது பக்கம், முழு இறுக்கம். அந்தக் கடைசிச் சுற்றில் டிக் கேட்டவுடன் போல்ட்டின் தலையிலிருந்து பேன் வரைக்கும் பெயிண்ட் பேனாவால் ஒரு மஞ்சள் கோடு இழுப்பார். இறுக்கின கைதான் கோடு போட வேண்டும், டிக் கேட்ட பிறகுதான் போட வேண்டும் என்பது எங்கள் பட்டறைச் சட்டம். அவர் போட்ட சட்டம்தான். கோடு இருந்தால் அந்த போல்ட்டைப் பற்றி உலகத்தில் யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

இந்தக் குணத்தை அவர் வீட்டுக்கும் கொண்டுபோனார். ஜாடி மூடி, தண்ணீர்க் குழாய், ஜன்னல் கொக்கி எதையும் அளவுக்கு மேல் அழுத்த மாட்டார். என் மனைவியின் அக்காவை நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நல்ல வாய் அவருக்கு. சாப்பாட்டு மேசையில் எல்லாரும் இருக்கும்போதே போட்டு உடைப்பார். "இவர் கட்டிப்பிடிச்சாக்கூட உள்ள டிக்னு ஒரு சத்தம் வரும்டா, உடனே விட்டுருவார்" என்பார். சகலை தட்டைப் பார்த்தபடி காது சிவக்கச் சிரிப்பார். அவர்களுடைய மகள், "ஐயோ அம்மா" என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த அக்கா போன குளிர்காலத்தில் போய்விட்டார். துணி உலர்த்திக்கொண்டிருந்தவர் தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தார், அவ்வளவுதான். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

சகலை அழவில்லை. அதை நான் குற்றமாகத்தான் அப்போது எடுத்துக்கொண்டேன், ஒளிப்பானேன். வீடு நிறைய ஆள். என் மனைவி தொண்டை கட்டிப்போய்க் கிடக்கிறாள். மகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். இந்த மனுஷன் நாற்காலி போட்டு ஏறி, வாசல் விளக்கு எரியவில்லை என்று பல்பு மாற்றிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு நாற்காலியோடு இழுத்துத் தள்ளியிருப்பேன். கல்லுளிமங்கன் என்று வாய்விட்டே சொன்னேன். அவர் இறங்கிவந்து சுவிட்சைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இப்ப சரி" என்றார்.

அதற்குப் பிறகு அவருடைய பேச்செல்லாம் அந்த ஒரு சொல்தான். சாப்பிடுங்கள் என்றால் சரி. தூங்குங்கள் என்றால் சரி. எங்கள் வீட்டில் ஒருநாள் குழம்பில் உப்பே போடாமல் வைத்துவிட்டாள் என் மனைவி. நான் ஒரு வாய் வைத்ததும் முகம் சுளித்தேன். அவர் முழுத் தட்டையும் காலி செய்துவிட்டு, நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். பட்டறையில் ஜோக் சொன்னால் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார். வேலையில் மட்டும் ஒரு குறையும் கிடையாது. அதே இரண்டு சுற்று, அதே டிக், அதே கோடு. ஆள் தேறிவிட்டார் என்று முதலாளியம்மா சொன்னார். தேறுவதற்கு முதலில் விழ வேண்டுமே, இவர் எங்கே விழுந்தார் என்று நான் மனதுக்குள் பொருமினேன்.

மகளுக்கு அதைவிடப் பெரிய பொருமல். அவளுக்கு மலைக்கு மேலே ஓர் ஊரில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது. கிடைத்தது என்ன, தேடிப் பிடித்தாள். அந்த வீட்டில் இருக்க முடியவில்லை என்று என் மனைவியிடம் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பாவுக்கு ஒண்ணுமே இல்ல சித்தி. அம்மான்னு ஒருத்தி இருந்தாளான்னே அவர் கேக்கல. நான் போறேன்னு சொன்னதுக்கும் சரிங்கறார். இனிமே நான் எதுக்கு அங்க வரணும்?"

நான் அவள் அப்பாவை விட்டுக்கொடுக்காமல் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். எனக்கும் அதே ஆத்திரம் இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

அவள் கிளம்புகிற நாளன்று காலையில் வண்டியைப் பட்டறையில் கொண்டுவந்து விட்டாள். அம்மாவும் அவளும் மாறி மாறி ஓட்டிய பழைய ஆட்டோமேட்டிக் கார். கியர்பாக்ஸ் ஆயில் மாற்றி ரொம்ப நாளாகியிருந்தது. மலை ஏற்றத்தில் அந்தப் பெட்டி கொதிக்கும். ஆயில் குறைந்தால் பாதி ஏற்றத்தில் பிடி விட்டுப்போய் வண்டி பின்னால் உருளும். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லாத பாதை அது. அதனால் சாயங்காலத்துக்குள் சர்வீஸ் செய்துகொடுக்கச் சொன்னாள். அப்பாவிடம் அவள் பேசியது அவ்வளவுதான். அவர் சரி என்றார்.

நான் அன்றைக்கு ஒரு ஹெட்லைட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டு அவர் பக்கத்திலேயே இருந்தேன். அவர் பழைய ஆயிலை வடித்தார். பேனைக் கழற்றி, அடியிலிருந்த காந்தங்களில் ஒட்டிய கருஞ்சாந்தைத் துடைத்தார். புது ஃபில்டர், பேன் விளிம்பில் கசிவை அடைக்கிற புது கேஸ்கெட் வைத்தார். விரலால் திருகினார், முதல் சுற்று முடித்தார், இரண்டாவது சுற்று ஆரம்பித்தார். டிக், கோடு. டிக், கோடு. அந்த நேரத்தில் என் மனைவி போன் செய்தாள். அக்காவின் துணிமணியெல்லாம் அலமாரியில் அப்படியே கிடக்கிறது, மகளும் போய்விட்டால் அந்த மனுஷன் தனியாக அதைத் தினமும் பார்த்துக்கொண்டா இருப்பார், ஆதரவற்றவர்கள் இல்லத்து வண்டி இன்று நம் தெருவுக்கு வருகிறது, கொடுத்துவிடலாமா கேளுங்கள் என்றாள்.

இடி விழுந்தாலும் திரும்பாத ஆளிடம் அந்த நேரத்தில் கேட்கக் கூடாது. எனக்கு அது தெரியாதா என்ன. ஆனாலும் போனைக் காதில் வைத்துக்கொண்டே கேட்டேன். அவர் ரெஞ்சை ட்ரேயில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஏதோ தூரத்தில் நிற்கிறவனைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தார்.

"சரி" என்றார்.

நான் அதை அப்படியே போனில் சொல்லிவிட்டு என் ஹெட்லைட்டுக்குத் திரும்பினேன். அவர் பேனாவை எடுப்பதைப் பார்த்தேன். பிறகு பார்க்கவில்லை.

சாயங்காலம் மகள் பெட்டி படுக்கையெல்லாம் ஒரு டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். வண்டி கழுவித் துடைத்துத் தயாராக நின்றது. ஆயில் ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டுச் சூடாக்கி, அளவு பார்த்தாயிற்று. அடியில் ஒரு சொட்டுக் கசிவு இல்லை. எல்லா போல்ட்டிலும் மஞ்சள் கோடு பளிச்சென்று இருந்தது. நான் பெட்டிகளை டிக்கியில் அடுக்கினேன். அவள் என்னிடம் சொல்லிக்கொண்டாள், முதலாளியம்மாவிடம் சொல்லிக்கொண்டாள். சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை இறக்கி, எதிரே நின்ற அப்பாவை நேராகப் பார்க்காமலே கேட்டாள்.

"எல்லாம் சரியாப்பா? மலை ஏறலாம்ல?"

அவர் வாயைத் திறந்தார். வழக்கமான அந்தச் சொல் வரும் என்று நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். வரவில்லை. கையிலிருந்த ரெஞ்சைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது முகம்.

"எறங்கும்மா" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. என்ன கோளாறு என்று கேட்டாள். அவர் மறுபடியும் இறங்கச் சொன்னார். நான் குறுக்கே போய், எல்லாம் கண்ணெதிரே முடிந்ததுதானே, எதற்குப் பிள்ளையைப் பயமுறுத்துகிறீர்கள், கோடெல்லாம் இருக்கிறதே என்றேன்.

"கோடு இருக்கு சகலை. டிக் கேட்டது ஞாபகம் இல்ல."

முதலாளியம்மா நிதானமாகச் சொன்னார், சந்தேகமாக இருந்தால் ரெஞ்சை வைத்து ஒரு தடவை பார்த்துவிட வேண்டியதுதானே என்று. அப்படிப் பார்க்க முடியாது என்று சகலை சொன்னார். சூடுபட்ட கேஸ்கெட் எப்படியும் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். சரியாக இறுக்கிய போல்ட்கூடக் கொஞ்சம் திரும்பும். அதை வைத்து ஒன்றும் தெரியாது, மரைதான் போகும். தெரிய வேண்டுமென்றால் ஆயிலை வடித்து, எல்லாவற்றையும் கழற்றி, வேறு கேஸ்கெட் போட்டு, முதலிலிருந்து மாட்ட வேண்டும். இத்தனை நீளமாக அவர் பேசி எத்தனையோ நாளாகியிருந்தது.

மகள் கதவைத் திறந்து இறங்கினாள். அவளுக்கு அம்மாவின் கோபம், மூக்குநுனியில் நிற்கும்.

"இது என்னப்பா புதுசா? அம்மா போனன்னிக்கு பல்பு மாத்துனீங்க. அது ஞாபகம் இருக்கா?"

"இல்ல."

"என்னது?"

"பல்பு மாத்துனேனா?" என்று அவளிடமே கேட்டார். பிறகு ரெஞ்சைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "அன்னிலேர்ந்து எனக்கு எதுவும் ஞாபகம் இல்லம்மா. யார் வந்தா, யார் தூக்குனா, ஒண்ணும் தெரியல. கை அதுபாட்டுக்கு வேல செய்யுது. நான் எங்கயோ இருக்கேன். யார்கிட்டயும் சொல்லல. மத்த வண்டியெல்லாம் நல்லாத்தான் போச்சு. உன்ன இந்த வண்டியில மலைமேல அனுப்ப எனக்குத் தைரியம் இல்ல."

இத்தனை மாதமாக நான் கல் என்று திட்டிக்கொண்டிருந்த ஆள், எங்கள் நடுவே நின்றுகொண்டே காணாமல் போயிருந்திருக்கிறார். என் மேசையிலிருந்து கை நீட்டினால் தொடுகிற தூரம். எனக்குத் தெரியவில்லை.

முதலாளியம்மா பாதி இறக்கியிருந்த ஷட்டரை மறுபடி ஏற்றினார். ஸ்டோரிலிருந்து அவரே ஒரு கேஸ்கெட் எடுத்துவந்து ட்ரேயில் வைத்துவிட்டு ஆபீஸுக்குள் போய்விட்டார். நான் வண்டியை லிஃப்டில் ஏற்றினேன். ஆயில் இறங்குகிற வரைக்கும் அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்க்காமல் அந்தச் சிவப்பு ஒழுக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பிறகு அவர் ஸ்பேனரை வைத்து ஒவ்வொரு போல்ட்டாக இளக்கினார். இடது பக்கம் ஒவ்வொன்றும் முரண்டு பிடித்து, மடக்கென்று விட்டது. எனக்கு மூச்சு வந்தது. பார்த்தீர்களா சகலை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் வலது பக்கம் போனார். முதல் போல்ட் அலட்டிக்கொள்ளாமல் திரும்பியது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவதற்கு ஸ்பேனரை எடுத்துவிட்டு விரலால் முயன்றார். அது கொஞ்சம் முறுக்கிவிட்டு ஜாடி மூடி மாதிரி கழன்று வந்தது. அதன் தலையில் நேர்த்தியாக மஞ்சள் கோடு.

அந்தப் பக்கம் முழுக்க முதல் சுற்றோடு நின்றுபோயிருந்தது. மேலே கோடு மட்டும் வரிசையாகப் போட்டிருந்தார். நான் துணியைப் பற்றிக் கேட்ட இடம் அதுதான். அதற்குப் பிறகு அந்த போல்ட்டுகளுக்கு அவர் ரெஞ்சை எடுக்கவே இல்லை.

மகள் அந்த போல்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள். மலைப்பாதை அவளுக்கும் தெரியும். ஆனால் அவள் அப்பாவைத் திட்டவில்லை. பையிலிருந்து ஒரு ரப்பர் பேண்டை எடுத்துத் தலைமுடியைக் கட்டிக்கொண்டு லிஃப்டுக்கு அடியில் அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"நான் என்ன செய்யணும்?" என்றாள்.

"காது குடு" என்றார். "டிக் கேட்டா நீ கேட்டுச்சுன்னு சொல்லு. நீ சொன்னப்புறம்தான் நான் கோடு போடுவேன்."

புது கேஸ்கெட்டோடு பேனை மாட்டி முதல் சுற்றை முடித்த பிறகு, இரண்டாவது சுற்றை அப்படித்தான் முடித்தார்கள். அவர் இறுக்குவார், டிக் வரும், அவள் "கேட்டுச்சுப்பா" என்பாள், அவர் பழைய கோட்டைத் துடைத்த இடத்தில் புதுக் கோடு இழுப்பார். முதல் சிலவற்றுக்கு அவள் குரல் கறாராக இருந்தது. போகப் போகத் தேய்ந்தது. கடைசிக்கு வரும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். அவர் ரெஞ்சின் பிடியைத் திருகி அளவைக் கீழே இறக்கி, அதன் பெட்டியில் வைத்து மூடினார். என் பக்கம் திரும்பினார்.

"சகலை, மத்தியானம் துணியப் பத்தி ஏதோ கேட்டீங்கல்ல. இப்ப எதுவும் செய்ய வேணாம்னு வீட்ல சொல்லிருங்க. இருக்கட்டும்."

மழுப்பலாமா என்று ஒரு நொடி பார்த்தேன். இந்த ஆளிடம் இனி மழுப்பினால் நான் மனுஷனே இல்லை.

"குடுத்தாச்சு சகலை. அப்பவே வண்டி வந்துருச்சு. நீங்க சரின்னீங்களே."

"சொன்னேனா?"

"சொன்னீங்க."

பெயிண்ட் பேனா இன்னும் அவர் கையில் இருந்தது. அதன் மூடியை எடுத்தார், போட்டார்.

"அதுவும் இறுக்காம போட்ட கோடுதான்" என்றார்.

என்மேல் கோபப்பட்டிருந்தால் தேவலை. நான் நாளைக்கே அந்த இல்லத்துக்குப் போய்க் கேட்கிறேன், எத்தனை மிச்சம் இருந்தாலும் வாங்கிவருகிறேன் என்று என்னென்னவோ உளறினேன். அவர் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. மகளைப் பார்த்து ரொம்பத் தயங்கி ஒன்று கேட்டார்.

"அன்னிக்கு அம்மாவுக்கு என்ன உடுப்பு போட்டு அனுப்புனோம்?"

அவள் அவரையே பார்த்தாள்.

"நெஜமாவே தெரியலையாப்பா?"

"தெரியல."

"நீலத்துல வெள்ளப் பூப்போட்டது. நானும் சித்தியும் வேற ஒண்ணு எடுத்து வெச்சிருந்தோம். நீங்கதான் வந்து அலமாரியத் தொறந்து, அவளுக்கு இதுதான் புடிக்கும்னு எடுத்துக் குடுத்தீங்க. கசங்கியிருக்குன்னு நீங்களே தேச்சீங்க."

"நானா?"

"நீங்கதாம்பா. கை மடிப்பு, காலர் எல்லாம் பாத்துப் பாத்துத் தேச்சீங்க. ரொம்ப நேரம். யார் கேட்டும் குடுக்கல."

அவர் தலையை ஆட்டினார். நீலத்தில் வெள்ளைப் பூ என்று தானாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு அழுதார். பட்டறையே பார்க்க, லிஃப்டின் தூணைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். மகள் ஆயில் பிசுக்கெல்லாம் பார்க்காமல் அவரைக் கட்டிக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ரொம்ப நேரமாகியும் அவர் விடவில்லை.

அன்றைக்கு அவள் மலைக்குப் போகவில்லை. ஆயில் ஊற்றி அளவு பார்ப்பதை மறுநாள் காலையில் வைத்துக்கொள்ளலாம் என்று முதலாளியம்மா சொன்னார். அப்பாவும் மகளும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். என் மனைவி அழுதுகொண்டே சாப்பாடு போட்டாள். சகலை ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு நிறுத்தினார்.

"உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார்.